கேபின் பேக் அளவு: எதை நம்புறது?

கேள்வி: புதுசா வாங்குன பெட்டி லேபிள்ல 55 செ.மீ.னு இருக்கு, வீட்ல டேப் வச்சு அளந்தா 59 வருது. விமானத்துல விடுவாங்களா?

பதில்: நீங்க அளந்ததுதாங்க சரி. நிறைய கம்பெனிங்க வெறும் பெட்டியோட உயரத்த மட்டும் லேபிள்ல போடுறாங்க, ஆனா ஏர்லைன்ஸ்காரங்க சக்கரம், கைப்பிடி, வெளிப்பாக்கெட் எல்லாத்தையும் சேர்த்துதான் பாப்பாங்க, கேட்ல வச்சிருக்கற அளவுக் கூண்டுக்குள்ள பெட்டி முழுசா இறங்கணும். உலகத்துக்கே ஒரே அளவுனு எதுவும் கிடையாது. ஐயாட்டா (உலக விமான நிறுவனங்களோட சங்கம்) 56x45x25 செ.மீ.னு ஒரு வழிகாட்டு அளவு சொல்லுது, அது கட்டாயம் இல்ல, அமெரிக்காவோட பெரிய ஏர்லைன்ஸ் பலதுல 56x35x23தான், இண்டிகோல 55x35x25, கூடவே 7 கிலோ எடை வரம்பும் இருக்கு. அதனால 59 ரிஸ்க்குதான், முடிஞ்சா மாத்திடுங்க.

ரெண்டு விமானம் மாறிப் போறீங்கன்னா சின்ன அளவு சொல்றவங்க கணக்கையே எடுத்துக்கோங்க. அப்புறம் இத மறந்துடாதீங்க, கேட்ல பெட்டிய வாங்கி கீழ லக்கேஜ்ல போடச் சொன்னா பவர் பேங்க்க கண்டிப்பா வெளிய எடுத்து கையில வச்சுக்கணும், தீப்பிடிக்கற ஆபத்து இருக்கறதால அத லக்கேஜ்ல அனுப்பக்கூடாது.