மருந்துக்கு மசியாத தூங்கும் கிருமிகள்: கேள்வி பதில்

நுண்ணுயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நம் மாவட்டத்துக்காரர்கள் கேட்டதில் சில இங்கே.

கேள்வி (குலசேகரம், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி): சாரே, மகனுக்கு டிபி. ரெண்டு மாசத்தில் இருமல் நின்றுவிட்டது, சளியிலும் கிருமி இல்லையாம். இன்னும் நாலு மாசம் மாத்திரை எதற்கு?

பதில்: சளியில் இல்லை என்றால் நுரையீரலிலும் இல்லை என்று அர்த்தமில்லை. பெருகிக்கொண்டிருக்கும் கூட்டம் சீக்கிரம் செத்துவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் காற்று குறைந்த மூலையில் வேலையை நிறுத்திவிட்டுப் படுத்துக் கிடக்கும். முதல் 2 மாதம் தரும் நான்கு மருந்துகளில் பைராசினமைடு இந்தச் சோம்பேறிகளைக் கொல்லத்தான். ரிஃபாம்பிசின், நடுவில் கொஞ்ச நேரம் கண்விழிப்பதைப் பிடிக்கும். எது எப்போது விழிக்கும் என்று சொல்ல முடியாதே, அதனால்தான் 6 மாதக் காவல். பையனைப் பாதியில் விட விடாதீர்கள்.

கேள்வி (நாகர்கோவில், கல்லூரி மாணவி): அப்படியென்றால் அது மருந்து எதிர்ப்பு பெற்ற கிருமிதானே சார்?

பதில்: இல்லையம்மா. என் மாணவர்களும் வருடாவருடம் குழம்பிய இடம் இது. பென்சிலின், கிருமி தன் செல்சுவரைக் கட்டும் வேலையைக் கெடுக்கிறது. கட்டும்போது சிமெண்டைக் கெடுத்தால் சுவர் இடியும். லீவு போட்ட கொத்தனாரை அது என்ன செய்யும்? தூங்கும் கிருமி தப்புவதும் அப்படித்தான், எதிர்ப்பு பெற்று அல்ல. 1944-இல் ஜோசப் பிக்கர் என்ற நுண்ணுயிரியலாளர் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியில் இப்படித் தப்பியவற்றைக் கண்டு எழுதினார். லேபில் நீயே பார்க்கலாம். கலங்கிய வளர்ப்புத் திரவம் மருந்து பட்டதும் தெளிந்துவிடும். அதை மருந்தில்லாத தட்டில் தடவி வை, மறுநாள் காலையில் அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளிகள் முளைத்திருக்கும். அதில் ஒரு புள்ளியை வளர்த்து அதே மருந்தை ஊற்றினால், மறுபடியும் பெரும்பாலானவை செத்து, சிலது தப்பும். எதிர்ப்பு பெற்றிருந்தால் அத்தனையும் பிழைத்திருக்குமே!

கேள்வி (தக்கலை, இல்லத்தரசி): நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருகிறது. பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பழைய கிருமி சிறுநீர்ப்பையின் உள்தோலில் பதுங்கியிருந்து எழுந்திருக்கலாம், குடலிலிருந்து புதிதாகவும் வந்திருக்கலாம். மாத்திரை தொடங்கும் முன்பே கல்ச்சர் டெஸ்டுக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) சிறுநீர் கொடுங்கள்.

கேள்வி (குளச்சல், மீனவர்): அண்ணனுக்கு டிபி. எனக்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் மாத்திரை தின்னச் சொல்கிறார்களே?

பதில்: உங்கள் உடம்பில் கிருமி தூங்கிக்கொண்டிருக்கலாம். அது எழுந்து நோயாகாமல் தடுக்கத்தான் அந்த மாத்திரை. அப்படி இருப்பவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் நோயாக மாறும், மற்றவர்களுக்கு அது எழுவதே இல்லை. முதலில் எக்ஸ்ரே எடுங்கள். நோய் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் தடுப்பு மாத்திரை போதாது. அப்புறம், சுகர் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லையே? இருந்தால் கிருமி எழ வாய்ப்பு அதிகம், அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.