'வாக்கர்' என்றால் நடப்பவரா?

இல்லை. நீங்கள் கேட்ட 'வாக்கர்' என்ற ஆங்கிலக் குடும்பப்பெயருக்குப் பொருள் நடைப்பயணி அல்ல, துணி மிதிப்பவர். உங்கள் கதையில் அந்தப் பெயரை 'நடையர்' என்று மொழிபெயர்த்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அதை எடுத்துவிட்டு 'வாக்கர்' என்றே விடுங்கள்.

இன்றைய 'வாக்' (நட) என்ற வினையை வைத்துப் பொருள் பார்த்ததால் வந்த குழப்பமாக இருக்கும். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி தொளதொளவென்று, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட சிறுநீர் ஊற்றி (ஆமாம், சிறுநீர்தான், பிசுக்கு போக), வெறுங்காலால் மிதிமிதியென்று மிதித்தால் இழை இறுகும். 12ஆம் நூற்றாண்டு முதல் நீராலைகள் அந்த வேலையைச் செய்யத் தொடங்கின. பெயர் மட்டும் நின்றுவிட்டது. இங்கிலாந்தின் வடக்கே வாக்கர், தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர்: மூவருக்கும் தொழில் ஒன்றுதான்.

சந்தேகமிருந்தால் இடைக்கால வரிப் பட்டியல்களைப் பாருங்கள். பெயருக்கு முன் 'லெ' (ஆங்கில 'தி' போன்ற பிரெஞ்சுச் சொல்) வந்து 'லெ வாக்கர்' என்றிருந்தால் அது பெரும்பாலும் தொழில்பெயர்.

ஆனால் பெயரை வைத்து வம்சத்தை முடிவு செய்யாதீர்கள். அழகுப்பொருள் வணிகத்தில் புகழ்பெற்ற மேடம் சி. ஜே. வாக்கர் பிறந்தபோது சாரா பிரீட்லவ். 1906இல் மணந்த கணவர் வழியாக வந்ததுதான் வாக்கர்.

அப்புறம் ஒன்று: உங்கள் உரையாடலில் 'மிஸ்டர் ஜான்' என்று வருகிறது. நம் ஊரில் சரி, இங்கிலாந்தில் குடும்பப்பெயரைச் சேர்த்து 'மிஸ்டர் வாக்கர்' என்றுதான் அழைப்பார்கள்.