கோவையிலிருந்து குன்னூருக்குக் குடிமாறினால் மாதச் செலவு குறையுமா?

நீங்கள் சொன்ன நிலவரம் இது: வீட்டிலிருந்தே வேலை, மாதம் ஓரிரு முறை கோவை அலுவலகம், மனைவி, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள், வயதான அம்மா. ஊர்களின் செலவை ஒப்பிடும் இணையதளம் குன்னூரில் குறைவு என்று காட்டுகிறது, அதை நம்பலாமா என்று கேட்கிறீர்கள்.

அதை மட்டும் நம்பிச் சாமான் கட்டாதீர்கள். நம்பியோ (Numbeo) போன்ற தளங்களில் விலையைப் பதிகிறவர்கள் உங்களையும் என்னையும் போன்ற பயனர்கள். நியூயார்க்கை 100 என்று வைத்து மற்ற ஊர்களை அளக்கிறார்கள். சென்னையையும் பெங்களூரையும் ஒப்பிட அது ஓரளவு உதவும். குன்னூர் மாதிரி ஊருக்கு விலை பதிய எத்தனை பேர் இருப்பார்கள்? நானும் கோவையிலிருந்து வந்து இங்கே குடும்பம் நடத்துகிறவள். பால், அரிசி, பருப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. மலையில் பணம் போகிற பல வழிகள் அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

வெந்நீரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவையில் தொட்டித் தண்ணீர் 26 டிகிரி என்றால், 20 லிட்டர் வாளியை 40 டிகிரிக்குச் சூடாக்க மூன்றில் ஒரு யூனிட் கரண்ட் போதும். இங்கே டிசம்பரில் தண்ணீர் 14 டிகிரிக்கு இறங்கினால் அதே வாளிக்கு 0.6 யூனிட். நாலு பேருக்குத் தினம் ஒரு வாளி என்றால் இரண்டு மாதத்தில் சுமார் 145 யூனிட் ஆகிறது. மின்வாரியம் இலவசமாகத் தரும் 100 யூனிட் குளியலறையிலேயே தீர்ந்துவிடும். அங்கே பாதி நாள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிடலாம். இங்கே அம்மாவுக்கு வாய் கொப்பளிக்கக்கூட வெந்நீர் வேண்டியிருக்கும். ஃபேனும் ஏசியும் மிச்சம் என்பது உண்மைதான். கோவையில் கோடை முழுக்க ஏசி ஓடுகிற வீடு என்றால் வருடக் கணக்கில் சரிக்குச் சரி ஆகலாம். ஏசி இல்லாத வீடு என்றால் இங்கே பில் கூடத்தான் செய்யும். கேஸும் அப்படித்தான். 1,850 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் பிடிக்கும். குக்கர் இல்லாமல் ஒரு வேளையும் ஓடாது.

அடுத்தது வீடு. என்னைக் கேட்டால் ஊருக்கு ஊர் ஒப்பிடுவதைவிட வீட்டுக்கு வீடு ஒப்பிடுவதுதான் இங்கே பயன்படும். ஒரே தெருவில், ஒரே வாடகையில் இருக்கும் இரண்டு வீடுகளுக்குள் மாதச் செலவு அவ்வளவு மாறும். சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவர் மண் திட்டை ஒட்டியே நிற்கும். வீடு பார்க்கும்போது அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால், பீரோவுக்குப் பின்னால் கரும்புள்ளியாகப் பூஞ்சை இருக்கும். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தாலும் ஒரு மழைக்காலத்தில் திரும்ப வந்துவிடும். பட்டுப்புடவை, தோல் செருப்பு, மகளின் புத்தகப்பை எல்லாவற்றிலும் ஏறும். துணி மூன்று நாளானாலும் காயாது. அம்மாவுக்கு இளைப்பு இருந்தால் மருந்துச் செலவும் சேரும். அந்த மண் திட்டுக்குத் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த விஷயத்தில் வாடகைக் குறைவைப் பார்க்கவே கூடாது.

சாலையிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி இறங்க வேண்டும் என்பதும் பணம்தான். சிலிண்டர் தூக்கிவர, சாமான் இறக்க, தண்ணீர் லாரியிலிருந்து குழாய் இழுக்க ஒவ்வொன்றுக்கும் தனிக்கூலி கேட்பார்கள். கோடையில் நகராட்சித் தண்ணீர் நாள் தள்ளி வரும்போது லாரி நிற்க இடமில்லாத வீட்டில் படும் பாடு பெரியது. இருட்டிய பிறகு காட்டெருமையும் கரடியும் நடமாடும் பகுதி என்றால், பத்து நிமிட நடைக்குக்கூட ஆட்டோதான்.

காய்கறியில் பெரிய லாபம் எதிர்பார்க்காதீர்கள். இங்கே விளையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகின்றன. தக்காளியும் வெங்காயமும் கீழிருந்து ஏறி வருகின்றன. உழவர் சந்தையில் வாங்கினால் மலைக்காய் மட்டும் கொஞ்சம் மலிவு.

கீழே போய்வரும் செலவைத் தனியாக எழுதி வையுங்கள். பெரிய மருத்துவப் பரிசோதனை, கல்யாணம், உங்கள் அலுவலகம் எல்லாமே கோவைதான். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் பர்லியார் பாதையில் மண்ணோ மரமோ விழுந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும், மலை ரயிலும் நின்றுவிடும். அதே மழையில் கரண்ட் போகும். வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கு இன்வெர்ட்டரும் இன்னொரு கம்பெனி சிம்மும் இல்லாமல் முடியாது. வெளியூர் வண்டியில் நீலகிரிக்கு வர 2024 மே 7 முதல் இ-பாஸ், அதாவது இணையத்தில் பதிந்து எடுக்கும் அனுமதி, வேண்டும். இலவசம்தான் என்றாலும் உங்களைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வீடு பார்க்க ஏப்ரல், மே மாதத்தில் வராதீர்கள். சீசனில் வீட்டுக்காரர்கள் நாள் வாடகைக் கணக்கில்தான் பேசுவார்கள், ஊரும் வெயிலில் அழகாகத் தெரியும். நவம்பரில், நல்ல மழையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து ஒரு வாரம் தங்குங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் டிசம்பர் மாத கரண்ட் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். இங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் வீட்டுக்குத் தனி மீட்டரா, இல்லை வீட்டுக்காரர் வைத்த சப் மீட்டரா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். சப் மீட்டர் என்றால் அந்த 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வருமா, யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

இதெல்லாம் வராதே என்று சொல்ல எழுதவில்லை. எனக்கு இந்த ஊர் உயிர், உங்கள் மகளுக்கும் பிடிக்கும். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வீடு பெட்ஃபோர்டு பக்கமா, வெலிங்டனா, அருவங்காடா, படிகள் எத்தனை, காலை வெயில் விழுமா என்று கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்த பகுதியாக இருந்தால் தண்ணீர் நிலவரத்தைச் சொல்கிறேன்.