ஒன்பது உணவுகளையும் நிறுத்த வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. சென்ற மாதம் வேர்க்கடலை கலந்த பிஸ்கட்டைத் தின்ற பத்து நிமிடத்தில் உடம்பெங்கும் தடிப்பு வந்து, உதடு வீங்கி, மூன்று முறை வாந்தி எடுத்தான். நல்லவேளையாக மூச்சுத் திணறல் இல்லை. அதன்பின் எடுத்த இரத்தப் பரிசோதனையில் வேர்க்கடலை, பால், முட்டை, கோதுமை உட்பட ஒன்பது உணவுகளுக்கு ஒவ்வாமை என்று வந்தது. பாலும் முட்டையும் கோதுமையும் அதுவரை தொந்தரவின்றிச் சாப்பிட்டவன்தான். இப்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம், எடை குறைந்துவிட்டது. பள்ளிக்கு அனுப்பவே பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகள் எனக்குக் கவலையளித்தன. ஒன்று, வளரும் வயதில் பையனின் எடை குறைந்திருப்பது. மற்றொன்று, மூச்சுத் திணறல் இல்லாததால் அன்று நடந்ததை நீங்கள் சற்று இலேசாக எடுத்துக்கொண்டிருப்பது.

இரத்தப் பரிசோதனை அளப்பது ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்புப் புரதத்தை. ஓர் உணவுக்கு எதிரான ஐ.ஜி.இ. இரத்தத்தில் இருந்தால், உடல் அந்த உணவை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்று மட்டுமே பொருள்; சாப்பிட்டால் ஒவ்வாமை வந்தே தீரும் என்பதற்கு அது சான்றாகாது. எக்சிமா என்னும் தோல் நோய் உள்ள குழந்தைகளுக்கு இப்படிப் பல உணவுகளுக்கு ‘பாசிட்டிவ்’ வருவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். தாளில் உள்ள எண்ணைவிட, சாப்பிட்டபோது என்ன நடந்தது என்பதே பெரிய சாட்சி. நேற்றுவரை பால் குடித்துவிட்டு ஓடியாடி விளையாடிய பிள்ளைக்குப் பால் ஒவ்வாமை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அது மட்டுமன்று, உடல் ஏற்றுக்கொண்டிருந்த உணவைக் காரணமின்றி நெடுநாள் நிறுத்தினால், அந்த ஏற்புத்தன்மையே போய், பின்னர் கொடுக்கும்போது உண்மையான ஒவ்வாமை தோன்றிய குழந்தைகளும் உண்டு. ஆகவே நாள் கடத்தாமல் ஒவ்வாமை நிபுணர் ஒருவரைப் பார்த்து, முன்பு பிரச்சினையின்றிச் சாப்பிட்டு வந்தவற்றை அவர் சொல்லும் முறையில் மீண்டும் தொடங்குங்கள். பட்டியலில் இருந்து, பையன் இதுவரை வாயிலேயே வைக்காத உணவு எதையும் வீட்டில் கொடுத்துப் பார்க்காதீர்கள். அதை மருத்துவமனையில், கண்காணிப்பின் கீழ், சிறுகச் சிறுகக் கொடுத்துப் பார்க்கும் சோதனையால்தான் உறுதி செய்ய வேண்டும்.

வேர்க்கடலையை மட்டும் அறவே விலக்குங்கள். பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பதை ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படியுங்கள். ஒரே பொருளின் சேர்மானம் முன்னறிவிப்பின்றி மாறக்கூடும். கடலை பட்ட கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கிருமிநாசினி ஜெல் கடலைப் புரதத்தை நீக்காது.

இனி அந்த வாந்திக்கு வருகிறேன். தோலில் தடிப்பும், கூடவே அடுத்தடுத்து வாந்தியும் சில நிமிடங்களுக்குள் வந்தால், மூச்சு சீராக இருந்தாலும், அதை அனாஃபிலாக்சிஸ் என்னும் கடும் ஒவ்வாமையாகவே கொள்ள வேண்டும். அதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி ஒன்றுதான். அரிப்புக்குக் கொடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் சிரப் தடிப்பைக் குறைக்கும். தொண்டை வீக்கத்தையோ இரத்த அழுத்தம் சரிவதையோ தடுக்காது. ஒரு தாய், கைப்பையில் ஊசி இருந்தும், குழந்தைக்கு வலிக்குமே என்று அஞ்சி, சிரப்பைக் கொடுத்துவிட்டு இருபது நிமிடம் மகளின் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக என்னிடம் அழுதபடி சொன்னார். குழந்தை பிழைத்துக்கொண்டாள், ஆனால் அந்த இருபது நிமிடத்தை உங்கள் வீட்டில் யாரும் இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். சந்தேகம் வந்தால் ஊசியைப் போட்டுவிடுங்கள். தேவையில்லாமல் போட்ட ஊசியால் சிறிது நேரம் படபடப்பு இருக்கும், அவ்வளவே.

அளவு, எடையில் கிலோ ஒன்றுக்கு 0.01 மில்லிகிராம்; 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 0.15 மில்லிகிராம் பேனா ஊசி (தொடையில் வைத்து அழுத்தினாலே குறித்த அளவு மருந்தைச் செலுத்தும், பேனா வடிவ ஊசி) பொருந்தும். தொடையின் நடுவில், வெளிப்பக்கத்தில், உடுத்திய துணியின் மேலாகவே போடலாம். போட்டதும் அவனைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் மட்டும் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். ஆம்புலன்ஸை அழையுங்கள். 5 முதல் 15 நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி தேவைப்படும் என்பதால் எப்போதும் இரண்டு இருக்கட்டும். தேறிய சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்பக்கூடும் என்பதால் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

பள்ளிக்குத் தாராளமாக அனுப்புங்கள். எந்த அறிகுறிக்கு என்ன செய்வது என்று நிபுணர் எழுதித் தரும் ஒரு பக்கத் திட்டத்தையும் ஊசிகளையும் வகுப்பாசிரியரிடம் நேரில் கொடுத்து, மருந்தில்லாத பயிற்சிப் பேனாவை அவர் கையில் தந்து ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி, பூட்டிய அலமாரியில் இருக்கக் கூடாது. பையனுக்கும் பழக்குங்கள்: பிறர் தருவதை வீட்டாரிடமோ ஆசிரியரிடமோ கேட்காமல் தின்னக் கூடாது. இந்த வயதுப் பிள்ளைகள் ‘ஒவ்வாமை’ என்று சொல்ல மாட்டார்கள். “நாக்குல எறும்பு ஓடுது”, “தொண்டையில முடி மாட்டிக்கிச்சு” என்பார்கள். அந்தப் பேச்சை விளையாட்டென்று தள்ளிவிட வேண்டாம் என ஆசிரியரிடமும் சொல்லிவையுங்கள்.

வேர்க்கடலை ஒவ்வாமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பிள்ளைக்கு வளர வளர நீங்கிவிடுகிறது. எனவே நிபுணரின் மறு ஆய்வைத் தவறவிடாதீர்கள். அவரைப் பார்க்கப் போகும்போது, அந்த ஒன்பதில் எதை எப்போது கடைசியாகச் சாப்பிட்டான், அதன்பின் என்ன நடந்தது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.