ஃப்ளெட்சர் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயர் எப்படி வந்தது? அது சாதிப் பெயரா?

சாதிப் பெயர் இல்லை, தொழில் பெயர். பழைய பிரெஞ்சில் 'ஃப்ளெஷ்' என்றால் அம்பு. அம்பு செய்பவர் 'ஃப்ளெஷியே'. 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அந்தச் சொல் அங்கே புகுந்து, ஆங்கிலேயர் வாயில் ஃப்ளெட்சர் ஆனது.

வேலை லேசானதில்லை. மரத்தண்டைச் சீவி நேராக்கி, வாத்து இறகு மூன்றைப் பசையால் ஒட்டி, நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். மூன்றும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வரவேண்டும்; இடதும் வலதும் கலந்தால் அம்பு சீராகச் சுழலாது. வில் செய்வது வேறு ஆட்களின் வேலை. லண்டனில் 1371-இல் அம்புக்காரர்கள் தனிச் சங்கமாகவே பிரிந்துவிட்டார்கள். துப்பாக்கி வந்ததும் தொழில் போனது, பெயர் மட்டும் பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டது.

ஷேக்ஸ்பியரோடு சேர்ந்து எழுதிய நாடக ஆசிரியர் ஜான் ஃப்ளெட்சர், 1707-இல் இங்கிலாந்தோடு இணைவதை எதிர்த்த ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ ஃப்ளெட்சர், ஆஸ்கர் வென்ற நடிகை லூயிஸ் ஃப்ளெட்சர் எல்லாம் இந்தப் பெயர்க்காரர்கள்.

நமக்குப் பழக்கமானவர் டங்கன் ஃப்ளெட்சர்தான். 2011 முதல் 2015 வரை இந்திய அணியின் பயிற்சியாளர். சிரிக்கவே மாட்டார் என்று கேலி செய்தோமே, அவரேதான். 1983 உலகக் கோப்பையில் ஜிம்பாப்வே கேப்டனாக ஆஸ்திரேலியாவை வீழ்த்தியவர். அன்று ஆட்டமிழக்காமல் 69 ரன், கூடவே 4 விக்கெட். அந்தக் கதையை இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை.