பிரவுன் பெல்ட்டோடு நின்றுபோகும் ஆர்வம்

கேள்வி: எனக்கு 37 வயது. கரூரில் தனியார் வங்கியில் வேலை. மகளைக் கராத்தே வகுப்பில் சேர்க்கப் போனவள் நானும் சேர்ந்துகொண்டேன். ஷோட்டோகான் பிரிவு. முதல் சில வருடங்கள் ஒரு வகுப்பைக்கூட விட மனம் வராது. போன வருடம் பிரவுன் பெல்ட் வாங்கினேன். அதன் பிறகு மாலை ஆனால் ஏதாவது ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது. மகளும் பத்தாம் வகுப்புக்காக நிறுத்திவிட்டாள். வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் பள்ளிப் பிள்ளைகள். ராத்திரி யூடியூபில் போட்டிகளைப் பார்த்தால் உடனே எழுந்து செய்யத் தோன்றும். காலையில் அந்த வேகம் இருக்காது. பிளாக் பெல்ட் வாங்காமல் விடவும் மனமில்லை. பழைய ஆர்வத்தை எப்படித் திரும்பப் பெறுவது?

பதில்: கராத்தேயை விட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஒன்று வெள்ளை பெல்ட்டிலேயே போய்விடுவார்கள், இல்லையென்றால் நீங்கள் நிற்கிற இடத்தில் போவார்கள். வெள்ளை பெல்ட்டில் போகிறவர்களுக்கு இது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிரவுனில் போகிறவர்களுக்குப் பிடித்திருந்தும் போகிறார்கள். பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்துவரும் எனக்கு இந்த இரண்டாவது இழப்புதான் மனதை வருத்துகிறது.

இதற்குக் காரணம் உங்கள் மனவுறுதியில் இல்லை. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று சில மாதங்களுக்கு ஒருமுறை நிறம் மாறியது. கிரேடிங் என்கிற பெல்ட் தேர்வுக்குத் தேதி வரும், புதுக் கட்டா, அதாவது தனியாகச் செய்யும் அசைவுத் தொடர், வரும், போட்டோ எடுப்பார்கள். பிரவுனுக்கு வந்ததும் அதெல்லாம் நின்றுவிடுகிறது. பெரும்பாலான ஷோட்டோகான் பள்ளிகளில் பிரவுனுக்குள்ளேயே மூன்று நிலைகள் உண்டு. பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய படிகளைக் கியூ என்பார்கள், எண் குறையக் குறைய மேலே. 3-ஆம் கியூவிலிருந்து 1-ஆம் கியூ வரை இடுப்பில் அதே நிறம்தான், காத்திருப்பும் நீளம். இன்னொன்று, ஆரம்பத்தில் கற்றது கண்ணுக்குத் தெரிந்தது. நேற்று வராத உதை இன்று வந்தது. இப்போது நீங்கள் கற்பது இடுப்பு எந்த நொடியில் திரும்புகிறது என்பது போன்ற விஷயம். முன்னேற்றம் இருந்தாலும் செய்கிறவருக்கே அது தெரியாது. ஆக, ஆர்வம் போனதால் முன்னேற்றம் நிற்கவில்லை. முன்னேற்றம் கண்ணில் படாததால் ஆர்வம் போகிறது.

பெல்ட் இல்லாமலும் கராத்தே இருந்திருக்கிறது. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1883-ல், இன்று பிளாக் பெல்ட் நிலைகளைக் குறிக்கும் டான் தரநிலையைத் தொடங்கினார். கராத்தேக்கு அது 1920-களில்தான் வந்தது. ஷோட்டோகானின் மூலவர் ஃபுனகோஷி கிச்சின் ஜப்பானின் ஒகினாவா தீவில் இளைஞராகப் பயின்றபோது அவருக்கு இடுப்பில் நிறமும் இல்லை, கிரேடிங்கும் இல்லை. இன்று தெக்கி என்று நாம் பயிலும் மூன்று கட்டாக்களில் மட்டும் அவர் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் செலவிட்டார். பகலில் பள்ளி ஆசிரியர் வேலை, இரவில் ஆசான் அசாடோவின் வீட்டு முற்றத்தில் பயிற்சி. ஒரே கட்டாவை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் செய்யச் சொல்வாராம் ஆசான். இப்படி ஒருவரால் பத்து வருடம் இருக்க முடிந்ததென்றால், ஒரே அசைவுக்குள் தேடிப் பார்க்க அவ்வளவு இருந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். உங்களுக்கும் அந்த வழியைத்தான் சொல்வேன். புதிய கட்டா எதையும் தேடிப் போகாதீர்கள். மஞ்சள் பெல்ட் வாங்குவதற்கு முன் கற்ற ஹெயான் ஷோடான் கட்டாவுக்குத் திரும்பிப் போங்கள்.

அதில் 21 அசைவுகள். நான்காவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். மூன்றாவதில் பின்னால் திரும்பி வலது கையால் கீழ்த்தடுப்பு போடுகிறீர்கள். அடுத்து முன்னால் இருக்கும் வலது காலைப் பாதி தூரம் உங்கள் பக்கம் இழுத்து, முஷ்டியை வட்டமாகச் சுழற்றிச் சுத்தியல்போல இறக்குகிறீர்கள். இந்தக் கட்டாவில் கை இப்படிச் சுழல்வது இந்த ஓர் இடத்தில்தான். ஏன்? பரவலாகச் சொல்லித்தரப்படும் விளக்கம் இது: தடுத்த உங்கள் மணிக்கட்டை எதிராளி பிடித்துக்கொண்டார். இப்போது யாரையாவது உண்மையாகவே இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். கையை மட்டும் இழுத்தால் வராது. காலை இழுக்கும்போது உடல் எடை பின்னால் போகிறதல்லவா, அந்த எடையோடு கையை விடுங்கள். பிடியில் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கிற இடம்தான் பலவீனமானது. மணிக்கட்டின் மெல்லிய ஓரத்தை அந்தப் பக்கம் திருப்பினால் கை கழன்று வந்துவிடும், வந்த வேகத்திலேயே அடியும் இறங்கும். கால் அரை நொடி தாமதமானால் எதுவும் நடக்காது. இத்தனை வருடம் எண்ணிக்கைக்காகச் செய்த ஓர் அசைவு, முதல்முறை வேலை செய்யும்போது கிடைக்கிற சந்தோஷம் பெரியது. பிரவுன் பெல்ட்காரர்கள் முகத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். மீதி 20 அசைவுகளுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். மாஸ்டரிடமும் கேளுங்கள், இப்படிக் கேட்கிற மாணவர் கிடைத்தால் எந்த நல்ல மாஸ்டருக்கும் மகிழ்ச்சிதான்.

இங்கேதான் வகுப்பில் பெரியவர்கள் இல்லாதது உண்மையான பிரச்சினையாகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பிடி உங்களுக்கு எதையும் சொல்லித்தராது. இருவர் மோதும் குமிதேயிலும் நீங்கள் கையைக் கட்டுப்படுத்திக்கொண்டேதான் ஆட வேண்டியிருக்கும். அதே அமைப்பின் வேறு கிளையில் பெரியவர்கள் பயிலும் நேரம் இருக்கிறதா, மாதம் ஒன்றிரண்டு முறை அங்கே போகலாமா என்று மாஸ்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அவரிடம் சொல்லாமல் போகாதீர்கள். வெள்ளை பெல்ட் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் சொல்லித்தரும் பொறுப்பையும் கேட்டு வாங்குங்கள். "ஏன் மிஸ் இந்தக் கை இடுப்புக்குப் போகணும்?" என்று ஒரு குழந்தை கேட்கும்போது, உங்களுக்குத் தெரிந்தது எது, பழக்கத்தில் செய்வது எது என்று பிரிந்து தெரியும்.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயத்தை ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். மகள் நிறுத்திவிட்டாள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. இத்தனை வருடம் இருவரும் ஒரே வண்டியில் போய், ஒரே வரிசையில் நின்று, ஒன்றாக வீடு திரும்பியிருப்பீர்கள். உங்களை வகுப்புக்கு இழுத்துப்போனதில் கராத்தேக்கு எவ்வளவு பங்கோ, அந்தப் பயணத்துக்கும் அவ்வளவு பங்கு இருந்திருக்கும். அது இல்லாமல் போனதை வருத்தமாகவே ஒப்புக்கொள்ளுங்கள். சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். அவளைத் திரும்ப வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். மணிக்கட்டைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். வந்தால் நல்லது.

யூடியூப் விஷயத்துக்கு வருகிறேன். பார்ப்பதில் தவறில்லை. ஆனால் படுக்கையில் கிடந்து ஒரு மணி நேரம் பார்த்தால், பயிற்சி செய்துவிட்ட திருப்தியில் பாதி அங்கேயே கிடைத்துவிடுகிறது. ஒரு கட்டாவை மட்டும் எடுத்து, கால்களை மட்டும் பாருங்கள், பிறகு மூடிவிடுங்கள். யாரைப் பார்ப்பது என்றால் ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸைச் சொல்வேன். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கட்டாவில் தங்கம் வென்றபோது அவருக்கு 39 வயது. ஐரோப்பிய சாம்பியன் பட்டத்தை முதலில் வென்றதே 33 வயதில், 2015-ல். 37 வயதில் இனி என்ன இருக்கிறது என்று தோன்றும்போது அவர் திரும்பும் விதத்தைப் பாருங்கள். அவருடைய வேகம் நமக்கு வராது. ஆனால் திரும்புகிற அந்த நொடியில் தலை மேலே எழும்பாமல் ஒரே உயரத்தில் இருப்பதைப் பயின்று கொண்டுவரலாம்.

காலையில் வேகம் இல்லை என்கிறீர்கள். வேகத்துக்குக் காத்திருக்காதீர்கள், அது பெரும்பாலும் உடல் அசைந்த பிறகுதான் வரும். அளவைச் சின்னதாக்குங்கள். பல் துலக்கியதும் ஹெயான் ஷோடான் ஒருமுறை மெதுவாக, ஒருமுறை முழுப் பலத்தோடு. அதற்குமேல் செய்யத் தோன்றினால் செய்யுங்கள், தோன்றாவிட்டால் குளிக்கப் போங்கள். ஏற்கெனவே நடக்கிற ஒரு காரியத்தின் வாலில் இப்படிக் கட்டிவிடுவதுதான் முக்கியம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுச் செயல் தானாக நடக்கும் பழக்கமாகச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைக் கெடுக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஒரு நாள் தவறியதற்காக ஒரு வாரத்தை விட்டுவிடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

முன்னேற்றம் கண்ணில் படுவதற்கும் வழி செய்துகொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, அதே மூலையில் போனை வைத்து அதே கட்டாவைப் பதிவு செய்யுங்கள். ஒரு மாதத்துக்கு ஒரு குறையை மட்டும் திருத்துங்கள்: முன்காலை மடக்கி நிற்கும் ஜென்குட்சு நிலையில் பின்குதிகால் தரையை விட்டு எழுகிறதா? குத்தும்போது மறுகை இடுப்பில் நிற்காமல் கீழே நழுவுகிறதா? மூன்று மாதம் கழித்து முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் தொடங்கும் முன் ஒன்று செய்யுங்கள். இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறதா, தூங்கி எழுந்தும் அசதி போகவில்லையா? அப்படியென்றால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். நம் பெண்களிடம் ரத்தசோகை மிகச் சாதாரணமாக இருக்கிறது. உடல் ஓய்ந்துபோனதை மனம் சலித்துப்போனதாக எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் தங்களையே குறைசொல்லிக்கொண்டவர்கள் உண்டு. முட்டிவலி இருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். தாழ்ந்த நிலைகளை அதற்கேற்ப உயர்த்தி நிற்கலாம், மாஸ்டரிடம் சொன்னால் போதும்.

இரண்டு மூன்று மாதம் இப்படிச் செய்தும் மனம் ஒட்டவில்லையென்றால், மகளின் பரீட்சை முடியும்வரை நிறுத்தி வைப்பதில் தப்பே இல்லை. மாஸ்டரிடம் நேரில் போய், எந்த மாதம் திரும்ப வருவீர்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். காலை நேர ஹெயான் ஷோடானை மட்டும் விடாதீர்கள். திரும்பி வரும்போது கிரேடிங்குக்கு உடனே பெயர் கொடுக்காமல், முதல் மாதம் அடிப்படைப் பயிற்சியான கிஹோனோடு இருங்கள். தசைநார்கள் பழைய வேகத்துக்குப் பழக அவ்வளவு நாளாவது வேண்டும்.