ஏழும் ஏழுமா, மூன்றும் பதினொன்றுமா

தம்பி, நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். வெளிநாடு வந்து பதினாலு மாதம் ஆகிறது. முதல் முறையாக வீட்டுக்குப் போகிறீர்கள். கம்பெனி பிசினஸ் கிளாஸ் டிக்கெட் தருகிறது, ஆனால் நேரடி விமானம் இல்லை. முதல் வழியில் 7 மணி நேரம் பறந்து, ஒன்றரை மணி நேரத்தில் விமானம் மாறி, மறுபடி 7 மணி நேரம். அடுத்ததில் 3 மணி நேரம் பறந்து, 4 மணி நேரம் காத்திருந்து, அப்புறம் 11 மணி நேரம். "முதல் வழியில் இரண்டரை மணி நேரம் மிச்சமாகிறதே, அதையே எடுக்கட்டுமா?" என்கிறீர்கள்.

எடுக்காதீர்கள்.

பிசினஸ் கிளாஸில் உண்மையில் கிடைப்பது காலை நீட்டிப் படுக்கும் நேரம்தான். கண்ணாடிக் கோப்பை, சின்னப் பையில் சாக்ஸும் பற்பசையும், துணி விரித்த சாப்பாட்டுத் தட்டு எல்லாம் இரண்டாவது பயணத்திலேயே பழகிவிடும். அதனால் கணக்கைத் தூக்கத்தில் போடுங்கள். 7 மணி நேர விமானத்தில் மேலே ஏறி, சாப்பாடு பரிமாறி, தட்டை எடுத்து, விளக்கை அணைக்க ஒன்றரை மணி நேரமாவது போகும். இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே விளக்கைப் போட்டு அடுத்த சாப்பாட்டை ஆரம்பித்துவிடுவார்கள். மிச்சம் 4 மணி நேரம். அசந்து தூங்கும் வேளையில் எழுப்பி, ஷூவை மாட்ட வைத்து, வேறொரு விமான நிலையத்தில் நடக்கவிட்டு, மறுபடி அதே 4 மணி நேரம். 11 மணி நேர விமானத்தில் இதே கழிவெல்லாம் போக 8 மணி நேரம் ஒரே மூச்சாகக் கிடைக்கும். நான் முதல் வகைப் பயணத்தைச் சில தடவை செய்துவிட்டு, வீட்டுக்குப் போன முதல் இரண்டு நாளைத் தூங்கியே தொலைத்திருக்கிறேன். மிச்சம் பிடித்த இரண்டரை மணி நேரம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

நாளைக்குச் சொந்தக் காசில் போகும்போதும் இது உதவும். நீண்ட விமானத்துக்கு மட்டும் பிசினஸ், குட்டி விமானத்துக்கு எகானமி என்று கலந்து எடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அந்த 3 மணி நேரப் பகுதி ஐரோப்பாவுக்குள்ளேயே என்றால், பெரும்பாலும் அங்கே பிசினஸ் இருக்கை என்று தனியாக எதுவும் கிடையாது. எகானமியின் அதே மூன்று இருக்கைதான், நடுவில் உள்ளதைக் காலியாக விட்டுவிடுவார்கள், முன்னால் ஒரு திரை தொங்கும். தெரியாமல் போனால் ஏமாந்த மாதிரி இருக்கும்.

அடுத்து இருக்கை. 'பிசினஸ்' என்று எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், முன்பதிவுப் பக்கத்தில் இருக்கை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். ஒரு வரிசையில் 1-2-1 என்று, அதாவது இரண்டு ஜன்னலோரத்திலும் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு என்று இருந்தால் எல்லோருக்கும் நடைபாதை உண்டு. 2-2-2 என்றால், ஜன்னலோரத்தில் இருப்பவர் நள்ளிரவில் கழிப்பறைக்குப் போகப் பக்கத்தில் தூங்குகிறவரின் காலைத் தாண்ட வேண்டும். ஜன்னல் ஆசை இருந்தாலும் அங்கே நடைபாதையோரம்தான் நல்லது. முழுக்க மட்டமாக விரிகிற படுக்கையை பிசினஸ் கிளாஸில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000-இல் கொண்டுவந்தது. பிறகு பல நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன. ஆனாலும் சரிவாக நிற்கிற பழைய இருக்கைகள் முழுதாக ஒழிந்துவிடவில்லை. ஒரு தடவை கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றிவிட்டார்கள், எனக்கு வாய்த்தது அந்தச் சரிவு இருக்கை. தூங்கத் தூங்க வழுக்கி, முழங்கால் முன்னிருக்கையில் இடிக்கும், கையை ஊன்றி மேலே ஏறுவேன், மறுபடி வழுக்குவேன். விடிகிற வரை இதே வேலை. விமானத்தை மாற்றுவது அவர்கள் உரிமை, நாம் தடுக்க முடியாது. கிளம்புவதற்கு முந்தின நாள் வரைபடத்தை இன்னொரு தடவை பார்த்தால், இருக்கிற நல்ல இடத்தையாவது பிடிக்கலாம்.

விமான வகையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் போயிங் 787 அல்லது ஏர்பஸ் ஏ350 எடுங்கள். பழைய விமானங்களில் உள்ளே காற்றழுத்தம் சுமார் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல ஆகலாம், இவற்றில் 6,000 அடிக்குள் வைத்திருப்பார்கள். இறங்கும்போது தலைவலி குறைவாக இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

சரி, கனெக்‌ஷன். நடுவில் விமானம் மாறும் இந்த விஷயத்தில் பிசினஸ் கிளாஸ் உங்களுக்குத் தருவது ரொம்பக் கொஞ்சம். விமானம் மாறிப் போவதற்கே விசா (டிரான்சிட் விசா) தேவைப்படும் நாடு என்றால், எந்த வகுப்பு டிக்கெட்டாக இருந்தாலும் தேவைதான். பாதுகாப்புச் சோதனை பல இடங்களில் மறுபடி உண்டு. தனி வரிசை சில விமான நிலையங்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. அமெரிக்கா வழியாகப் போனால், முதலில் இறங்கும் இடத்தில் குடியேற்றச் சோதனை முடித்து, பெரும்பாலும் பெட்டியையும் கையில் எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். அங்கே ஒன்றரை மணி நேரம் எந்த மூலைக்கும் போதாது.

இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது மிக முக்கியம். அப்போதுதான் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். நான் ஒரு தடவை மலிவு என்று அப்படித் தனித்தனியாக எடுத்தேன். செக்-இன் செய்தவர் சிரித்த முகத்தோடு போர்டிங் பாஸின் பின்னால் பெட்டிக்கான ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தார், நானும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த விமான நிலையத்தில் லவுஞ்சில், அதாவது பயணிகள் காத்திருக்கும் தனி அறையில், உட்கார்ந்து எதேச்சையாக எடுத்துப் பார்த்தால், பெட்டி போய்ச் சேரும் ஊரைக் காட்டும் மூன்றெழுத்து என் வீட்டு ஊருடையது இல்லை, நான் உட்கார்ந்திருந்த ஊருடையது. பெட்டி கீழே ஏதோ ஒரு பெல்ட்டில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. என்னிடம் அந்த நாட்டுக்குள் நுழைய விசா கிடையாது. பெட்டி என்னிடம் வர ஒன்பது நாள் ஆனது. அதிலிருந்து கவுண்டரை விட்டு நகரும் முன் அந்த மூன்றெழுத்தைப் படிக்காமல் விடுவதில்லை. நீங்களும் படியுங்கள்.

கனெக்‌ஷனைத் தவறவிட்டால் இன்னொரு சிக்கல் உண்டு. பிசினஸில் இருக்கையே கொஞ்சம்தான், அடுத்த விமானத்தில் நிரம்பியிருக்கும். "எகானமியில் உடனே போகிறீர்களா?" என்று கேட்பார்கள். சரி என்பதற்கு முன்னால், பிசினஸில் இடம் உள்ள அடுத்த விமானம் எப்போது, அதுவரை தங்க அறை தருவார்களா என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானமாக இருந்தாலோ, அங்கே வந்து சேரும் ஐரோப்பிய நிறுவன விமானமாக இருந்தாலோ, நிறுவனமே உங்களைக் கீழ் வகுப்பில் உட்கார வைத்தால் பணம் திருப்பித் தர வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டின் 261-ஆம் எண் விதி சொல்கிறது. ஒன்றியத்துக்கு வெளியே 3,500 கிலோமீட்டருக்கு மேல் போகும் பயணத்துக்கு, அந்தப் பகுதியின் கட்டணத்தில் 75 சதவீதம். யாரும் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள். பழைய போர்டிங் பாஸ், புதியது இரண்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

அந்த 4 மணி நேரக் காத்திருப்புக்குத்தான் லவுஞ்ச். மலிவு விலை பிசினஸ் டிக்கெட்டுகள் சிலவற்றில் லவுஞ்ச் சேராது, உங்கள் டிக்கெட்டில் இருக்கிறதா என்று கம்பெனியில் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் சாப்பாட்டுப் பக்கம் போகாமல் முதலில் குளியலறைக்குப் பெயர் கொடுங்கள், கூட்ட நேரத்தில் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வைப்பார்கள். குளித்துவிட்டு அங்கேயே சாப்பிட்டும் முடித்துவிட்டால், விமானத்தில் ஏறின கையோடு படுத்துவிடலாம், மேலே கணக்கில் கழித்த ஒன்றரை மணி நேரத்தில் பாதி திரும்பக் கிடைக்கும். பல லவுஞ்சுகளில் விமான அறிவிப்பு செய்வதே இல்லை. போனில் அலாரம் வையுங்கள்.

ஏறியதும் பணிப்பெண்ணிடம் "சாப்பாடு வேண்டாம், எழுப்பாதீர்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், குறித்து வைத்துக்கொள்வார்கள். பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரிகிற மாதிரி போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போட்டுக்கொண்டால், விமானம் குலுங்கி பெல்ட் போடச் சொல்லும் விளக்கு எரியும்போதெல்லாம் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்கத் தோளைத் தட்டுவார்கள்.